பள்ளியா, பட்டறையா? டீசல் மெக்கானிக் ஆக எது நல்ல வழி?

பையன் பத்தாவது பாஸ் செய்துவிட்டான். மேலே படிக்க மனம் இல்லை. மோட்டார் என்றால் அவனுக்கு உயிர். "டீசல் மெக்கானிக் ஆகப்போகிறேன்" என்கிறான். வீட்டில் பேச்சு தொடங்குகிறது.

"ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடலாம்" என்கிறார், தாய். "கையில் ஒரு சர்டிபிகேட் இருந்தால் நாளைக்கு நாலு இடத்தில் மதிப்பார்கள்."

தாய்மாமன் சிரிக்கிறார். அவர் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர். "சர்டிபிகேட்டா அக்கா லாரியைக் கிளப்பும்? என்னிடம் விடு. இரண்டு வருடத்தில் என்ஜினைப் பிரித்து மாட்டுவான். கையிலும் நாலு காசு பார்ப்பான்."

தகப்பனார் லாரி டிரைவர். அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேர் சொல்வதும் அவருக்கு நியாயமாகப் படுகிறது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இந்தப் பேச்சு நடக்காத தெரு குறைவு. லாரியும், போர்வெல் வண்டியும் நிறைந்த ஊர்கள் அவை. யார் சொல்வது சரி?

பொறி இல்லாத நெருப்பு

பெட்ரோல் என்ஜினில் பிளக் உண்டு. அதில் பொறி பறக்கும். டீசல் என்ஜினில் அது கிடையாது. பிஸ்டன் மேலே வந்து காற்றை அழுத்துகிறது. அழுத்த அழுத்தக் காற்று சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பன்னீர் போலத் தெளித்தால், தானே பற்றிக்கொள்கிறது. தெளிக்கும் வேலையைச் செய்வது பம்பும், இன்ஜெக்டரும். டீசல் மெக்கானிக்கின் பாதி வித்தை இந்த இரண்டில்தான் இருக்கிறது.

இந்த என்ஜினைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல். 1858-ல் பாரிசில் பிறந்த ஜெர்மானியர். மியூனிக் நகரில் பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். கடைசிப் பரீட்சை சமயத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்துவிட்டது. பரீட்சை தவறிப்போனது. மறு பரீட்சைக்குக் காத்திருந்த நாட்களில் அவர் சும்மா உட்காரவில்லை. சுவிட்சர்லாந்துக்குப் போய், சுல்சர் தொழிற்சாலையில் வேலை பழகினார். பிறகுதான் பரீட்சை எழுதித் தேறினார். 1897-ல் அவருடைய என்ஜின் வெற்றிகரமாக ஓடியது. படிப்பும் பட்டறையும் சேர்ந்து பிறந்த என்ஜின் அது.

கோவை ஜி.டி.நாயுடுவின் கதை வேறு. அவர் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவையில் ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதை அக்கு அக்காகப் பிரித்து, மறுபடியும் மாட்டினார்! 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பின்னால் அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

அப்படிப்பட்டவரும் "பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று சொல்லவில்லை. 1945-ல் கோவையில் அவரே ஒரு பாலிடெக்னிக் தொடங்கினார். "ஆண்டுக்கணக்கில் இழுக்காதே, சீக்கிரம் சொல்லிக் கொடு, கையால் செய்து படிக்கட்டும்" என்பது அவர் கட்சி.

புகை சொல்லும் சேதி

மாமன் பேச்சில் உண்மை உண்டு. பட்டறை, கண்ணையும் காதையும் மூக்கையும் பழக்கும்.

லாரி கறுப்புப் புகை கக்குகிறதா? டீசல் அதிகம் போகிறது. அல்லது காற்று போதவில்லை. நீலப்புகையா? என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகையா? டீசல் சரியாக எரியவில்லை. இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே கசிகிறது. இதைப் புத்தகமும் சொல்லும். ஆனால் வண்டி பட்டறை வாசலில் நுழையும்போதே சத்தத்தைக் கேட்டு, "மூன்றாவது சிலிண்டர் அடிக்கவில்லை" என்று சொல்வதற்குப் பத்து இருபது வண்டிகள் போதாது. நூற்றுக்கணக்கில் பார்க்கவேண்டும். நடுராத்திரியில் சுமையோடு நின்றுபோன லாரியைக் கிளப்புவது எப்படி, வண்டிக்காரரிடம் எவ்வளவு கூலி கேட்பது என்பதையும் எந்த வகுப்பும் சொல்லித் தராது.

கெடுதலும் உண்டு. சேர்ந்த புதிதில் பையனுக்குக் கிடைப்பது போல்ட் கழுவும் வேலை. டீ வாங்கும் வேலை. அது போகட்டும். சில மேஸ்திரிகள் பம்புக்கு டைமிங் வைக்கும் நேரம் பார்த்துப் பையனை டீ வாங்க அனுப்பிவிடுவார்கள். பையன் கற்றுக்கொண்டால் எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்ற பயம்! அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து வருடம் இருந்தாலும் பையன் பையன்தான்.

ஊசிபோலப் பாயும் டீசல்

இப்போது பயப்படவேண்டிய சங்கதி ஒன்று.

பழைய லாரி ஒன்றில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்ஜின் ஓடும்போதே, டீசல் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார், மெக்கானிக். தளர்த்தியதும் சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் நல்லது. மாறாவிட்டால் அதுதான் குற்றவாளி. எல்லாப் பட்டறையிலும் முதலில் கற்றுத்தரும் வித்தை இது.

புது லாரியில் இதைச் செய்யவே கூடாது. அதில் 'காமன் ரெயில்' என்ற பொதுக்குழாயில் டீசல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என்று இருக்கும். லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல 200 மடங்குக்கும் மேல்! நட்டைத் தளர்த்தினால் டீசல் ஊசிபோலப் பாயும். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். பெரிதாக வலிக்காது. "ஒன்றும் இல்லை" என்று துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தவர்கள், விரலையே இழக்க நேரிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய காயம் அது.

2020 ஏப்ரல் 1-ந்தேதி முதல் 'பி.எஸ்.6' என்ற புகைக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. அதன்பின் வந்த லாரிகளில் டீசலின் அளவைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. புகையைச் சுத்தம் செய்யத் தனித் தொட்டியில் யூரியா கரைசல் இருக்கிறது. கோளாறு எங்கே என்று ஸ்கேனர் கருவி வைத்துப் பார்க்கவேண்டும். மாமனுக்குப் பழைய என்ஜின் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் இது அவருக்கும் புதிது.

பள்ளியில் என்ன கிடைக்கும்?

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிப்பு ஓராண்டு. பத்தாவது தேறியிருக்கவேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. அளவுக் கருவிகளைப் பிடிக்கவும், மின் இணைப்பைச் சோதிக்கவும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதையும் அங்கே முறையாகச் சொல்லித் தருகிறார்கள். தேறியவருக்கு நாடு முழுவதும் செல்லும் சான்றிதழ். திருச்சி பொன்மலை போன்ற ரெயில்வே பட்டறைகளில் தொழில் பழகுநராகச் சேர அது கைகொடுக்கும்.

ஆனால் எல்லா ஐ.டி.ஐ.யும் ஒன்றல்ல. சேர்ப்பதற்கு முன்பு நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. பட்டறையில் எத்தனை என்ஜின்? அவை ஓடுகின்றனவா? காமன் ரெயில் என்ஜின் ஒன்றாவது உண்டா? மாணவர்களின் கையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கறை இல்லாத கை என்றால் யோசிக்கவேண்டும்.

மாமனின் பட்டறையையும் இப்படியே சோதிக்கலாம். இரண்டு வருடம் முடித்த பையன் இப்போது என்ன செய்கிறான்? என்ஜினைத் தொடுகிறானா? இன்னும் டீதான் வாங்குகிறானா?

காசும் வேண்டும் என்றால்

ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் தாங்காத வீடும் உண்டு. அவர்களுக்கு 1961-ம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் உதவும். பெரிய கம்பெனிகள் அதன்படி ஆட்களைச் சேர்த்து, வேலையும் பழக்கி, உதவித்தொகையும் தருகின்றன. 2019-ல் திருத்திய விதி, பத்தாவது தேறியவருக்குக் குறைந்தது மாதம் 6 ஆயிரம் ரூபாய் என்று வைத்தது. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7 ஆயிரம். ஏற்கனவே பட்டறையில் இருப்பவரும் அனுபவச் சான்று காட்டி, தனித்தேர்வராக ஐ.டி.ஐ. பரீட்சை எழுத வழி உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை.

தாங்க முடிந்த வீட்டுக்கு, முதலில் பள்ளி, பிறகு பட்டறை என்ற வரிசையே நல்லது. பதினாறு வயதில் ஒரு வருடத்தை ஒதுக்கலாம். இருபத்தாறு வயதில், மனைவி மக்களை வைத்துக்கொண்டு, வகுப்பில் போய் உட்கார முடியுமா?

லாரி டிரைவர் கடைசியில் வாயைத் திறக்கிறார்.

"ஏன் மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஐ.டி.ஐ. லீவுதானே?"

"ஆமாம் மாமா."

"உன் பட்டறை?"

"வண்டியெல்லாம் ஊர் திரும்புகிற நாள். அன்றைக்கு ஏது லீவு?"

"அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அவன் உன்னிடம் வரட்டும். டீ வாங்க மட்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்."