நூலகம் தரும் செய்தி

கல்வி நிலையத்திற்கு உயிர்நிலையாய் அமைவது நூலகம் என்பதை அனைவரும் ஒப்புவர். ஆயின், நூல்களை வாங்கி அடுக்கி வைப்பதோடு நூலகத்தின் பணி நிறைவுறுவதன்று. இன்ன நூல் வந்துள்ளது, இன்ன வசதி தொடங்கியுள்ளது, இன்ன நாளில் நூற்கண்காட்சி நடைபெறும் என்று வாசகர்க்கு அறிவிப்பதும் அதன் தலையாய பணியேயாகும். வந்த நூலை வாசகர் அறியாவிடின், அது அங்கிருந்தும் இல்லாததே. இவ்வறிவிப்புப் பணியின் இயல்பு யாது, தருமபுரி போன்ற மாவட்டத்து மாணவர்க்கு அது ஏன் இன்றியமையாததாகின்றது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

பாக்தாதில் ஒரு பட்டியல்

ஓதுதலை முதற்கட்டளையாகப் பெற்றது இஸ்லாமியச் சமுதாயம். அச்சமுதாயத்தில் நூல்களைப் பற்றிய செய்தியைத் தொகுப்பதும் ஒரு தனிக்கலையாகவே வளர்ந்தது. பாக்தாத் நகரில் நூல் வணிகராய் விளங்கிய இப்னுந் நதீம், தம் காலத்தில் அரபு மொழியில் வழங்கிய நூல்களைப் பத்துப் பகுதிகளாக வகைப்படுத்தி, கி.பி. 987 ஆம் ஆண்டளவில் 'அல் ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலை உருவாக்கினார். அதில் குறிக்கப்பெற்ற நூல்களுள் பல பின்னாளில் அழிந்துபட்டன. அவற்றை இயற்றியவர் யாவர், அவை எதைப் பற்றியன என்பனவற்றை உலகம் இன்று அறிவது அப்பட்டியலால்தான். நூல் மறைந்த பின்னும் நூலைப் பற்றிய செய்தி வாழ்ந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இரங்கநாதன் வகுத்த நெறி

தருமபுரி மாவட்டம் 1965 ஆம் ஆண்டு சேலத்தினின்றும் பிரிக்கப்பெற்று உருவாயிற்று. 1997 ஆம் ஆண்டு சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, இப்பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. எனவே, நம் மாணவர்க்குரிய பல்கலைக்கழக நூலகம் ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருந்தது. அங்கு எந்நூல் உள்ளது என்பதை அறியாமல் பேருந்தேறிச் செல்வோர், பொருளும் பொழுதும் இழந்து திரும்ப நேரிடும்.

அந்நூலகத்தின் முதல் நூலகராக 1924 இல் பொறுப்பேற்றவர், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த சீர்காழி இரா. இரங்கநாதன் ஆவார். இலண்டன் சென்று நூலகக் கலை பயின்று திரும்பிய அவர், 1931 இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல் பயன்பாட்டிற்குரியது என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாம் விதி. மூன்றாம் விதி அதனைத் திருப்பிப் போட்டது போல் அமைந்துள்ளது: ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும். வாசகரின் நேரத்தைக் காத்தல் நான்காவது. நூலகம் வளரும் உயிரி போன்றது என்பது ஐந்தாவது.

இவற்றுள் மூன்றாம் விதியே நம் பொருளுக்கு நெருங்கியது. நூல் தானே நடந்து சென்று வாசகரைத் தேடாது. அதன் சார்பில் நூலகமே வாசகரைத் தேடிச் செல்லுதல் வேண்டும். வாசகர் அலமாரிக்கே சென்று நூலை எடுக்கும் உரிமை, தெளிவான பட்டியல், ஐயம் தீர்க்கும் நூலகர், புது வரவு பற்றிய விளம்பரம் ஆகியவை அதற்குரிய வழிகளாம். அவர் தம் நூலை வெளியிட்ட அதே 1931 இல், மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர்தோறும் கொண்டு சென்ற நடமாடும் நூலகம் தொடங்கியது. அவ்வண்டியே ஊரார்க்கு அறிவிப்பாகவும் விளங்கியது எனலாம்.

இன்றைய வசதிகள்

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. தருமபுரியை அடுத்த பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையம் அமைந்துள்ளது. நூல்கள் பல கணினித் திரைக்கே வந்துவிட்டன. பல்கலைக்கழக மானியக்குழு 2009 ஆம் ஆண்டு வகுத்த விதிகளின் பயனாய் ஆய்வேடுகள் மின்வடிவிலும் அளிக்கப்படலாயின. அவற்றைத் தாங்கி நிற்கும் 'ஷோத்கங்கா' களஞ்சியத்தில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. தமிழ் ஆய்வேடுகளும் அவற்றுள் அடங்கும். ஆய்வுத் தலைப்பைத் தேர்வதற்கு முன் இதனைப் புரட்டிப் பார்ப்பவர், பிறர் முன்னரே செய்து முடித்ததை அறியாது மீளச் செய்யும் வீண் உழைப்பினின்றும் தப்புவர்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், அரிய பழைய தமிழ்ப் பதிப்புகளைக் கட்டணமின்றிப் படிக்கத் தருகின்றது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் நடுவணரசுத் திட்டம் 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்வழி 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்கட்குக் கிடைக்கின்றன. தத்தம் கல்லூரிக்கு எந்தெந்த வசதி உண்டு என்பதை மாணவர் நூலகரிடம் கேட்டறிதல் நலம்.

பேரூர்களின் பெருநூலகங்களுக்கு அருகில் வாழ்வோர், தற்செயலாகவேனும் ஒரு புதுநூலைக் கண்டுகொள்வர். நம் மாவட்டத்து மாணவர்க்கு அவ்வாய்ப்பு அரிது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்க்கு இவ்வசதிகளை எடுத்துச் சொல்ல இல்லத்திலும் ஆள் இல்லை. அவர்க்கு அறிவிப்புப் பலகையே வழிகாட்டி. அப்பலகை வெறுமையாய்க் கிடப்பின், பொருள் செலவிட்டுப் பெற்ற வசதியும் அவர்க்கு இல்லையென்றே ஆகிவிடும்.

இல்லத்திலிருந்து நூலகத்திற்கு

செய்தி நூலகத்திலிருந்து வாசகர்க்குச் செல்வது மட்டுமன்று. வாசகரிடமிருந்து நூலகத்திற்கும் வருதல் வேண்டும். உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஏட்டுச் சுவடிகளாய்ப் பல இடங்களிற் சிதறிக் கிடந்தது. புலவர் நாயகம் எனப் போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை அச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1842 இல் அச்சேற்றினார். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராய்த் திரட்டிய நூல்களும் இதழ்களுமே, அவர் மறைவுக்குப் பின் 1994 இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தன. ஒருவர் தேடியதும் மற்றொருவர் காத்ததும் இன்று ஆய்வாளர் பலர்க்கும் பயன்படுகின்றன.

நம் சமுதாயத்து இல்லங்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் பழைய முனாஜாத்துகள், கிஸ்ஸாக்கள், அரபுத் தமிழ் ஏடுகள் இருத்தல் கூடும். அரபுத் தமிழை ஓதவல்ல முதியோர் அருகி வருகின்றனர். அவர்கள் உள்ளபோதே இவை படிக்கப்பெற்றுப் பட்டியலிடப்படுதல் வேண்டும். பெரியோர்கள் அவற்றைக் கொடையாகத் தர இயலாவிடினும், படியெடுக்க இசைவு தரலாம். கரையானுக்கு இரையாகுமுன், இன்ன நூல் எம்மிடம் உள்ளது என்ற செய்தியையேனும் அருகிலுள்ள கல்லூரி நூலகருக்குத் தெரிவிக்கலாம்.

செய்யத்தக்கன சிலவே. புது வரவுகளை வாரந்தோறும் பலகையில் எழுதுதல் வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் ஓரிரு வரி விளக்கமும் சேர்த்தால் நன்று. ஆண்டுத் தொடக்கத்தில் முதலாண்டு மாணவர்க்கு மின்னூலகங்களைப் பயன்படுத்தும் முறையைக் காட்டுதல் வேண்டும். ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு நூலைக் குறிப்பிடும்போது, அது எந்த அலமாரியில் அல்லது எந்தக் களஞ்சியத்தில் உள்ளது என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தொடர்ந்து செய்யும் மனமே வேண்டும்.