கூரையில் விளையும் மின்சாரத்துக்கு என்ன விலை?

வெள்ளவத்தையில் காலி வீதியை அண்டிய கட்டடங்களின் கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகிவிட்டன. கடன் எடுத்துப் போடலாமா என்று என்னிடம் கேட்கும் வியாபார நண்பர்களுக்காகவே இக்கணக்கு.

2010இல் நெற் மீற்றரிங் முறை வந்தபோது மேலதிக அலகுகளுக்குக் காசு இல்லை, அடுத்த மாதக் கணக்கில் வரவு வைத்தார்கள். 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் காசு கொடுத்தது: முதல் 7 வருடம் அலகுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50. 2022 நெருக்கடியில் புதிதாக இணைந்தவர்களுக்கு 37 ரூபா. 2024இல் அது 27 ஆனது. 2025இல் 5 கிலோவாட் வரையான சிறு தொகுதிக்கு 20.90.

கொழும்பு வெயிலில் 5 கிலோவாட் தொகுதி மாதம் ஏறக்குறைய 500 அலகு தரும். அத்தனையையும் விற்றால் 37 ரூபாவில் 18,500, 20.90இல் 10,450. தகடு அதே தகடு, வெயிலும் அதே வெயில். கையெழுத்திட்ட வருடம்தான் வேறு.

விலையைக் குறைத்ததை நான் குறை சொல்லவில்லை. தகட்டின் விலையும் இறங்கியதே. நண்பகல் அலகுக்கும் இரவு 7 மணி அலகுக்கும் இத்தனை வருடமாக ஒரே விலை கொடுத்ததுதான் பிழை. மாம்பழம் குவியும் மாதத்திலும் கிடைக்காத மாதத்திலும் ஒரே விலைக்கு வாங்குகிற வியாபாரி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

விளைவைக் கண்டோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறைக் குரங்கை வைத்துச் சிரித்தார்கள். ஆனால் பாவனை குறைந்த அந்தப் பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருந்ததால் வலையமைப்பு தளம்பலைத் தாங்கவில்லை என்பதே மின்சார சபை தந்த விளக்கம். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறும் கேட்டுக்கொண்டது. முதல் போட்டவனுக்கு அந்நாட்களில் வரவில்லை, வங்கித் தவணைக்கு மட்டும் விடுமுறையில்லை.

பிறகுதான் பற்றரியில் சேமித்து மாலை உச்ச நேரத்தில் விடும் அலகுக்கு 45.80 ரூபா என்றார்கள். இது சரியான திசை, ஆனால் பிந்தி வந்தது. மானியத்தின் சுமை கடைசியில் தகடு போட வசதியற்றவரின் மின்பட்டியலில்தான் விழுகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

பகல் முழுக்க ஏசியும் விளக்கும் எரியும் புடைவைக் கடைக்குச் சொந்தப் பாவனையே முதல் இலாபம், விற்பனை மிச்சம்தான். மாலையில் மட்டும் அடுப்பெரியும் சாப்பாட்டுக் கடைக்குப் பற்றரியின் விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தகடு விற்க வருபவர் நீட்டும் தாளில் எந்த வருட விலை போட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.