சறுக்குகிற அந்த ஓர் இடம்

சாதகம் – தொடர்: 7

ஹாலிவுட்டில் ஒரு நண்பகல். பியானோ கலைஞர் ஏப்ரம் சேஸின்ஸ், செர்கேய் ராக்மனினாஃபைப் பார்க்க நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறார். வாசலை நெருங்கும்போதே உள்ளேயிருந்து பியானோ கேட்கிறது. ஆனால் அது இசையாக இல்லை. ஒரு தட்டு, ஓர் இடைவெளி, இன்னொரு தட்டு, மறுபடியும் இடைவெளி. என்ன வாசிக்கிறார் என்று சேஸின்ஸுக்குச் சற்று நேரம் பிடிபடவே இல்லை. பிறகுதான் புரிந்தது: ஷோபினின் ஓர் எடியூட், அதாவது பயிற்சி உருப்படி.

சேஸின்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டார். கர்நாடக இசையின் ஆவர்த்தனம் போன்ற ஒரு தாளக் கட்டத்தை மேற்கத்திய இசையில் ‘பார்’ என்பார்கள். ராக்மனினாஃப் ஒரு பாருக்கு 20 நொடி எடுத்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதே வேகம்தான். அழைப்பு மணியை அழுத்த மனம் வராமல் வெளியிலேயே நின்று கேட்டதாகச் சேஸின்ஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த எடியூட் 1837இல் அச்சான ஓபஸ் 25 தொகுப்பில் ஆறாவது. பியானோ மாணவர்களைக் கலங்கடிக்கும் உருப்படிகளில் ஒன்று. வலது கை ஒற்றை ஸ்வரமாக வாசிக்காது. இரண்டிரண்டு கட்டைகளை ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டே ஓட வேண்டும். ஒரு பாருக்கு அப்படிப் பதினாறு ஜோடி. அச்சில் குறித்திருக்கும் வேகத்தில் ஒரு பார் இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். நொடிக்கு ஒன்பது ஜோடி. மொத்த உருப்படியும் சுமார் இரண்டு நிமிடம்தான். அதைத்தான் ராக்மனினாஃப் பத்து மடங்குக்கும் மேல் மெதுவாக்கி, ஜோடி ஜோடியாக வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ரஷ்யாவில் இருந்தவரை அவர் முதன்மையாக இசையமைப்பாளர். மேடையில் பெரும்பாலும் தன் சொந்தப் படைப்புகளையே வாசித்தவர். 1917 டிசம்பரில் புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறியபோது வயது 44. குடும்பத்தைக் காப்பாற்ற முழுநேரக் கச்சேரிக் கலைஞராக மாறினார். மற்றவர்களின் படைப்புகளைப் பாடம் பண்ணி ஒரு கச்சேரிப் பட்டியலையே அந்த வயதில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. பெரிய கைகள், அபாரமான நினைவாற்றல், உலகப் புகழ் எல்லாம் இருந்தும் கடினமான வரியின் முன் அவர் செய்தது வேகத்தைக் கீழே இறக்கியதுதான்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு.

அந்த எடியூட்டின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பியானோ தேவையில்லை. உள்ளங்கையை மேஜை மேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்பக்கமாக மடக்கிக்கொண்டு, மோதிர விரலை மேலே தூக்கிப் பார்த்தால் தெரியும். அசையாது, அல்லது அசைந்தும் அசையாததுபோல இருக்கும். விரல்களை நீட்டும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால் மோதிர விரலுக்குத் தனியாக இயங்கும் சுதந்திரம் குறைவு. இது சோம்பல் அல்ல, திறமைக் குறைவும் அல்ல. கையின் அமைப்பே அப்படி.

ராபர்ட் ஷூமான் இதை ஏற்க மறுத்தார். லைப்ஸிகில் ஃப்ரீட்ரிஷ் வீக்கிடம் பியானோ பயின்ற இளைஞர். பெரிய வித்வானாகிவிட வேண்டும் என்ற வெறியில், விரலைப் பழக்க ஓர் இயந்திர அமைப்பைப் பயன்படுத்தினார். 1832க்குள் வலது கையின் ஒரு விரல் சொன்னபடி கேட்காமல் போய்விட்டது. அப்போதைய வைத்தியம் ஒன்று, புதிதாக அறுத்த விலங்கின் உடலுக்குள் கையை விட்டு வைத்திருப்பது. அதையும் செய்து பார்த்தார், பலன் இல்லை. கை கெட்டதற்கு முழுக் காரணம் அந்த அமைப்புதானா, வேறு நோயும் இருந்ததா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. எப்படியானாலும் கச்சேரிப் பியானோ கலைஞர் என்ற கனவு அங்கே முடிந்தது. பிற்பாடு அவர் எழுதிய பியானோ இசையை மேடைகளில் வாசித்துப் பரப்பியவர், வீக்கின் மகளும் ஷூமானின் மனைவியுமான கிளாரா.

இன்னும் அருகில் ஓர் உதாரணம், அமெரிக்காவின் லியான் ஃப்ளைஷர். 16 வயதில், 1944இல், நியூயார்க் ஃபில்ஹார்மானிக்குடன் வாசித்தவர். 1952இல் பிரஸ்ஸல்ஸில் எலிசபெத் ராணி போட்டியில் முதலிடம். 1964 வாக்கில் வலது கையில் ஏதோ மந்தமாக இருப்பதாக உணர்ந்தார். அதற்கு அவர் கண்ட பரிகாரம், இன்னும் கடுமையான சாதகம். மாதங்கள் போகப்போக மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையை நோக்கிச் சுருண்டுவிட்டன. மூளை அனுப்பும் கட்டளையில் ஏற்படும் அந்தக் கோளாறுக்கு ஃபோகல் டிஸ்டோனியா என்று பெயர். பல ஆண்டுகள் இடது கைக்கான படைப்புகளையே வாசித்தார், இசைக்குழுக்களின் கண்டக்டராக நின்றார், மாணவர்களுக்குக் கற்பித்தார். 1990களில் போடாக்ஸ் ஊசியும் தசைச் சிகிச்சையும் கைகொடுத்தன. இரு கைகளாலும் வாசித்த இசைத்தட்டு 2004இல் வந்தது. இடையில் போனது ஒரு கலைஞனின் வாழ்நாளில் பாதி. எல்லோருக்கும் இப்படி நேராது. ஆனாலும் வலிக்கும்போதும் மரத்துப்போகும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது சாதகம் ஆகாது என்று ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வகுப்பிலேயே யாராவது சொல்லிவிட வேண்டும்.

மாலை நேரத்தில் எந்தச் சங்கீத ஆசிரியர் வீட்டு வாசலிலும் நின்று கேட்டால், இதன் சிறிய வடிவம் காதில் விழும். வயலின் பயிலும் பிள்ளை வர்ணத்தை எடுக்கிறது. பல்லவி தெளிவாகப் போகிறது, அனுபல்லவியும் அப்படியே. சரண ஸ்வரத்தில் ஓர் இடத்தில் விரல் சறுக்குகிறது. உடனே நிறுத்தி, மறுபடி பல்லவியிலிருந்து ஆரம்பிக்கிறது. இந்த முறை சற்றே கூடுதல் வேகம், ஓடித் தாண்டிவிடலாம் என்ற எண்ணத்தில். அதே இடத்தில் அதே சறுக்கல். ஐந்தாவது தடவைக்குள் தோள் காதருகே ஏறிவிடும், வில்லைப் பிடித்த கட்டைவிரல் இறுகும், மூச்சு நின்று நின்று வரும். இறுகிய கை நிதானமான கையைவிட மோசமாகத்தான் வாசிக்கும். அதனால் இன்னும் பிசகு, பிசகினால் இன்னும் இறுக்கம். ‘எனக்கு இது வராது’ என்று வயலினைப் பெட்டிக்குள் வைப்பது இந்த இடத்தில்தான்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்திருக்கிறது? நன்றாகத் தெரிந்த பல்லவி ஐந்து தடவை பழகியிருக்கிறது. தெரியாத நாலு ஸ்வரம், ஐந்து தடவை தப்பாகப் பழகியிருக்கிறது. விரலுக்குச் சரி எது, தப்பு எது என்று தெரியாது. எது திரும்பத் திரும்ப நடக்கிறதோ அதைத்தான் அது பிடித்துக்கொள்ளும்.

2009இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் நடத்தியது. பியானோவை முதன்மைப் பாடமாகப் படிக்கும் 17 மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச்சின் முதல் பியானோ கான்செர்ட்டோவிலிருந்து சில பார்களே உள்ள ஒரு கடினமான பகுதியைக் கொடுத்தார்கள். மறுநாள் குறித்த வேகத்தில் வாசிக்க முடியும் என்ற நம்பிக்கை வரும்வரை சாதகம் செய்யலாம்; நேரக் கட்டுப்பாடு கிடையாது. சிலர் பத்து நிமிடத்துக்குள் எழுந்துவிட்டார்கள். சிலர் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் நேராக வாசிக்கச் சொல்லித் தரவரிசைப்படுத்தினார்கள்.

எவ்வளவு நேரம் சாதகம் செய்தார்கள் என்பதற்கும் தரவரிசைக்கும் தொடர்பு தெரியவில்லை. எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் இல்லை. எத்தனை தடவை தப்பாக வாசித்தார்கள் என்பதற்குத்தான் இருந்தது: தப்புகள் கூடக்கூட மறுநாள் வாசிப்பு கீழே போனது. முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களும் ஆரம்பத்தில் மற்றவர்களைப் போலவே பிசகியவர்கள்தான். இது முக்கியமான செய்தி. ஊக்கம் இழந்த மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. அவர்கள் வேறுபட்டது பிசகிய பிறகு என்ன செய்தார்கள் என்பதில். தப்பு நடந்த இடத்தை அப்போதே சரியாகக் குறிவைத்தார்கள். வேகத்தைக் குறைத்தார்கள். அந்தத் துண்டு நிலைக்கும்வரை திரும்பத் திரும்ப வாசித்து, பிறகே மேலே போனார்கள். ஒரே தப்பு மறுபடி மறுபடி தலைகாட்ட அவர்கள் இடமே கொடுக்கவில்லை.

கர்நாடக சங்கீதத்தில் இதற்கான கருவிகள் பாடமுறைக்குள்ளேயே இருக்கின்றன. சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் மூன்று காலத்தில் பாட வைப்பதன் பயனே அதுதான்: ஒரே ஸ்வர வரிசையை நிதானத்தில் உறுதிசெய்து, பிறகு இரட்டிப்பது. வர்ணங்களில் இதன் உச்சம், பச்சிமிரியம் ஆதியப்பய்யாவின் பைரவி ராக ‘விரிபோணி’. தஞ்சை சமஸ்தானத்தோடு தொடர்புடைய அந்த வித்வான் சியாமா சாஸ்திரிகளின் குரு. இரண்டு லகுவுக்கு ஐந்தைந்து, இரண்டு திருதத்துக்கு இரண்டிரண்டு என்று 14 அட்சரம் கொண்ட கண்ட ஜாதி அட தாளம். தாளத்தைக் கையில் மாறாமல் போட்டுக்கொண்டே இரண்டாம் காலத்தில் பாடுவதற்குள் பலருக்கும் கண்ணில் நீர் வந்துவிடும்.

பைரவியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். வயலினில் இரண்டுக்கும் இடையே விரல் நகர வேண்டிய தூரம் மிகக் குறைவு. முதல் காலத்தில் சரியாக விழும் விரல், இரண்டாம் காலத்தில் ‘ஸ நி த ப’ என்று இறங்கும்போது ஏறுகிற தைவதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்பவருக்கு ராகமே ஒரு கணம் கோணலாகிவிடும். பல்லவியிலிருந்து எடுத்து எத்தனை தடவை வாசித்தாலும் இது தானாகச் சரியாகப் போவதில்லை. அந்த நாலு ஸ்வரத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொரு விரலும் எங்கே விழுகிறது என்று காது சொல்லும் வேகத்தில் வாசிக்க வேண்டும். நின்ற பிறகு முன்னால் ஒன்று சேர்த்து ‘ரி ஸ நி த ப’. பின்னால் ஒன்று சேர்த்து ‘ஸ நி த ப ம’. பெரும்பாலும் கோளாறு ஸ்வரத்தில் இருக்காது, இரண்டு பிடிகள் சேரும் மூட்டில் இருக்கும். சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது அகப்படும்.

துண்டு பிடிபட்டும் வேகத்தில் உதறினால், அதையே திஸ்ர கதியில் வாசித்துப் பார்க்கலாம். மூன்று மூன்றாகப் பிரியும்போது அழுத்தம் வேறு வேறு ஸ்வரத்தின் மேல் விழும். எந்த விரல் பலவீனம் என்று காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு வழி, கடைசி ஆவர்த்தனத்திலிருந்து பின்னோக்கி வருவது. முதலில் கடைசி ஆவர்த்தனம் மட்டும், பிறகு அதற்கு முந்தையதோடு சேர்த்து என்று போனால், வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போகிறோம் என்ற தெம்பு கிடைக்கும். எரிச்சல் பாதி தணிவது அந்தத் தெம்பில்தான்.

அப்படியும் ஒரு கட்டத்துக்கு மேல் கை கேட்காது. அப்போது கருவியைக் கீழே வைப்பதில் தவறே இல்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்கள் ஐந்து எண்கள் கொண்ட வரிசையை 10 நொடி தட்டினார்கள், 10 நொடி ஓய்ந்தார்கள், மறுபடி தட்டினார்கள். ஆரம்பக் கட்ட முன்னேற்றம் தட்டும் நேரத்தில் இல்லாமல் அந்தக் குட்டி ஓய்வுகளில்தான் தெரிந்தது. தூக்கத்தின் பங்கு இன்னும் பெரிது. மாத்யூ வாக்கர் குழுவினரின் 2002 சோதனையில், விரலால் தட்டும் ஒரு வரிசையைக் கற்றவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்ததும், கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள்; துல்லியம் குறையவில்லை. பகலில் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இசை மாணவர்களுக்குக் கீபோர்டில் ஒரு சிறு மெட்டைக் கற்றுக்கொடுத்து 2006இல் டியூக்கும் ஏமி சிம்மன்ஸும் செய்த ஆய்விலும் தூக்கத்துக்குப் பிறகு வாசிப்பு மேம்பட்டது.

ஆகவே இரவு ஒன்பது மணிக்கு வராத சங்கதியைப் பதினொன்று வரை உருட்டிக்கொண்டிருப்பதில் லாபம் இல்லை. கடைசியாக ஒருமுறை முதல் காலத்தில் பிசகில்லாமல் வாசித்து, அதோடு நிறுத்திவிட்டு, காலையில் அந்த நாலு ஸ்வரத்திலிருந்து தொடங்கலாம்.

(அடுத்த வாரம்: வீட்டில் சுத்தமாக வரும் சங்கதி மேடையில் ஏன் தடுமாறுகிறது?)

– தொடரும்