ஈரல் கட்டியும் வழிகாட்டும் ஒலியும்

தானா ராத்தா பக்கம் தேயிலை மலையில் நின்று கூவினால் எதிர்மலை பதில் சொல்கிறதல்லவா? டாக்டர் வயிற்றில் பசை தடவிப் பார்க்கும் 'ஸ்கேன்' கருவியும் அப்படித்தான். நம் காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, ஈரலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத் திரையில் படமாக்குகிறது. எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது. கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்டும் அவர் குழுவினரும் 1958-இல் வயிற்றுக் கட்டிகளை இப்படிக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார்கள்.

பார்ப்பதோடு வேலை முடிந்ததா? இல்லை, தோழர்களே! 1980-களில் ஜப்பானிய டாக்டர்கள் திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ஆல்கஹால் ஏற்றி அதைச் சாகடித்தார்கள். 1990-களில் ஊசி முனையின் சூட்டால் கட்டியைப் பொசுக்கும் முறை வந்தது. ஊசி போகும் வழி திரையில் தெரிவதால் ரத்தக் குழாயை ஒதுக்கிப் போகலாம். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்க வேண்டியதில்லை. ஆனால் 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிக்குத்தான் நல்ல பலன்.

சிக்கலே இங்கேதான். சின்னக் கட்டி வலிக்காது. "வலியே இல்லையே, எதுக்கு ஆஸ்பத்திரி? ஒருநாள் சம்பளம் போயிடுமே" என்போம். வலி வரும்போது கட்டி பெருத்திருக்கும்.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லியைத் தேடுவது நம் வழக்கம். சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1988-இல் அதைப் பற்றி நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டது உண்மைதான். பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. கட்டியை அது கரைக்கும் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

ஈரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்று 'ஹெபடைடிஸ் பி' கிருமி. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத் தொற்றும். ஒருவர் சவரக் கத்தியை மற்றவர் பயன்படுத்தினாலும் தொற்றலாம். மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு தடவையாவது ரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது. சம்சு குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கும் ஆபத்து உண்டு.

கிருமி இருந்தாலோ ஈரல் சுருங்கியிருந்தாலோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஊசிச் சிகிச்சை நிபுணர்கள் உள்ள பெரிய மருத்துவமனைகளில்தான் நடக்கும். ஆனால் அதற்கான முதல் படி நம்மூரிலேயே இருக்கிறது: தானா ராத்தா சுல்தானா ஹாஜா கல்சோம் அரசு மருத்துவமனை. அங்கே போய்க் கேட்க வெட்கம் வேண்டாம். வீட்டிலுள்ள பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.