தர்மராசர் நகரில் ஒரு வலம்

தாய்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருபவை ஹட்யாய்ச் சந்தையும் புக்கெட் கடற்கரையும்தாம். ஹட்யாயிலிருந்து வடக்கே சாலைவழி ஏறத்தாழ மூன்று மணி நேரம் பயணம் செய்தால் நக்கோன் சி தம்மராட் நகரை அடையலாம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ‘நகர ஸ்ரீ தர்மராஜ’ என்பதே தாய் மக்களின் நாவில் அவ்வாறு ஒலிக்கிறது. அதே பெயர் கொண்ட மாகாணத்தின் தலைநகர் இது.

போர்ச் செய்தியில் ஒரு பெயர்

இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் நடத்திய கடற்படையெடுப்பில் வென்ற ஊர்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் கடாரத்தை நாம் நன்கறிவோம். அதே வரிசையில் வரும் ‘மாதமாலிங்கம்’, நக்கோன் வட்டாரத்தில் விளங்கிய தாம்பிரலிங்க அரசே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பின்னாளில் மலாய்க்காரர்கள் இவ்வூரை ‘லிகோர்’ என்றனர். 1821இல் கெடாவைத் தாக்கிய சயாம் படைக்குத் தலைமை தாங்கியவர் லிகோர் ஆளுநரே. ஆக, நம் வரலாற்றுப் பாடங்களில் இவ்வூர் போரோடு மட்டுமே தொடர்புபடுகிறது. ஆனால், நேரில் சென்றால் காண்பதோ வேறு.

மகாதாட்

நகரின் உயிர்நாடி வாட் பிரா மகாதாட் விகாரை. ‘வாட்’ என்றால் பௌத்தக் கோயில். ‘மகாதாட்’ என்பது மகாதாது, அதாவது புத்தரின் திருவுடல் எச்சம். மணி வடிவில் 50 மீட்டருக்கு மேல் உயர்ந்து, பொன் போர்த்திய முடியுடன் நிற்கும் இதன் தூபி இலங்கைக் கட்டடப் பாணியைச் சேர்ந்தது. இலங்கையோடு இவ்வூருக்கு நெருங்கிய சமயத் தொடர்பு இருந்தது. தாம்பிரலிங்க மன்னன் சந்திரபானு 1247இல் அத்தீவின் மீது படையெடுத்ததும் உண்டு.

தூபிக்கு ஏறும் படிக்கட்டின் வாயிலில் காவல் நிற்கும் தெய்வங்களை ஜாதுகாம், ராமாதேப் என்கின்றனர். ஜாதுகாம் என்பது இலங்கையின் கதிர்காமத் தெய்வமே என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நம் முருகன்தான்! 2007இல் இத்தெய்வப் பெயர் பொறித்த தாயத்துகளுக்காகத் தாய்லாந்து முழுவதிலுமிருந்து மக்கள் இங்கே திரண்டனர்.

மாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாக பூசையன்று சென்றால், நீண்ட துணியைப் பலர் கூடித் தோளில் சுமந்து வந்து தூபிக்குச் சுற்றும் திருவிழாவைக் காணலாம்.

ஈசுவரனும் நாராயணனும்

விகாரையிலிருந்து ராச்சதாம்னோன் சாலை வழியே வடக்கே சென்றால் ‘ஹோ பிரா ஈசுவான்’, ‘ஹோ பிரா நாராய்’ என்னும் இரு சிறு கோயில்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று ஈசுவரனுக்கு, மற்றொன்று நாராயணனுக்கு என்பதைப் பெயரே சொல்லிவிடும். ஈசுவரன் கோயிலருகே சிவப்பு வண்ண ஊஞ்சல் தூண்கள் உள்ளன. பாங்காக்கில் 1935வரை இத்தகைய ஊஞ்சல் விழா நடந்தது. அவ்விழாவுக்குரிய சடங்கின் பெயர் ‘திரியம்பாவாய்’. நம் திருவெம்பாவையே அது! இன்றும் அரண்மனைப் பிராமணர்கள் அச்சடங்கில் அதன் பாடல்களை ஓதுகின்றனர். ஒலி திரிந்து, பொருள் மறைந்துவிட்ட போதிலும் ஓதுதல் நிற்கவில்லை. அவர்களுள் பலருடைய முன்னோர் இத்தென்பகுதியிலிருந்து சென்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நாம் கற்க வேண்டியது

இவற்றையெல்லாம் கண்டு, “அனைத்தும் நம்முடையதே” என மார்தட்டுவது எளிது. அது முழு உண்மையாகாது. கதிர்காமத் தெய்வம் இங்கே புத்தருக்குக் காவலாகிவிட்டது. திருவெம்பாவை தாய் மன்னரின் சடங்காகிவிட்டது. வந்தவற்றைத் தாய் மக்கள் தமதாக்கிப் பேணியதால்தான் அவை இன்றும் வாழ்கின்றன. படையெடுப்பு கல்வெட்டில் ஒரு வரியாக நின்றுவிட்டது; வழிபாடோ வாழ்க்கையில் கலந்துவிட்டது.

அங்கே திருவெம்பாவையின் பொருள் அறியாமலே அதைக் காத்து வருகிறார்கள். பொருள் அறிந்த நாம் அதை எத்தனை முறை ஓதியிருக்கிறோம்? அடுத்த விடுமுறையில் ஹட்யாயோடு திரும்பிவிடாமல், தோளும் முழங்காலும் மூடிய உடையுடன் தர்மராசர் நகருக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். இக்கேள்விக்கு விடை தேடவாவது அப்பயணம் உதவும்.