கடைமடை வரை ரத்தம்

எழுபதைத் தாண்டிய ஒருவர் பேரன் பெயரை மறக்கிறார், கூட்டுறவுச் சங்கத்தில் நேற்றுக் கட்டிய தவணையை இன்று மறுபடி கட்டக் கிளம்புகிறார் என்றால் தஞ்சை வட்டாரத்துக் குடும்பங்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. “வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடுகின்றன. கையில் காசோ கடனோ கிடைத்தால், தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அழைத்துப்போய் ஸ்கேன் எடுக்கின்றன. மூளை வயதுக்கேற்பச் சுருங்கியிருக்கிறது, சிறு ரத்தக்குழாய்களில் பாதிப்பு இருக்கிறது என்று அறிக்கையில் இரண்டு வரி இருக்கும். கவரைப் பீரோவில் வைத்துப் பூட்டியதோடு விஷயம் முடிந்துவிடும். முதுமையையும் மறதியையும் புரிந்துகொள்ள மூளைப் படம் அருமையான கருவி, சந்தேகமில்லை. ஆனால் பல்லாயிரம் பேரை வருடக்கணக்கில் பின்தொடரும் ஆராய்ச்சியில் அது செய்யும் வேலை வேறு. ஒரு தனிமனிதரின் அறிக்கைத் தாளில் அது செய்யும் வேலை வேறு. காவிரி டெல்டாவுக்குத் தேவைப்படுவது முதலாவது. சந்தையில் விலைக்குக் கிடைப்பதோ இரண்டாவது.

பிரச்சினை சிறியதல்ல. 60 வயதுக்கு மேற்பட்டோரின் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. 2021-க்கான கணிப்பில் அது 13.6 விழுக்காடு. நாடு தழுவிய லாசி-டாட் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருக்கிறது என்றது அது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடமும் அதிகம். சின்ன வயதிலிருந்து நாற்றுப் பறித்து, நடவு நட்டு, பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே முதுமையடைந்த திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து விவசாயத் தொழிலாளிப் பெண் இந்த மூன்று கணக்கிலும் வருகிறார்.

இந்த எண்ணிக்கைகூட எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கே.எஸ். ஜேக்கப் குழுவினர் கணியம்பாடி ஒன்றியத்தில் 65 வயதைக் கடந்த 1000 பேரை ஆராய்ந்து 2007-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறைப்படி அவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கே மறதிநோய். வளரும் நாடுகளுக்கென உருவான ‘10/66’ குழுவின் முறைப்படி 10.6 விழுக்காடு. ஆட்கள் அதே ஆட்கள்தான். அமெரிக்க வரையறை, மறதியால் அன்றாட வாழ்க்கை குலைந்திருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் மாமியார் உப்பை இரண்டு தடவை போட்டால் மருமகள் அடுப்பை ஏற்றுக்கொள்வாள். அப்பா கணக்கில் தடுமாறினால் மகன் நோட்டை வாங்கிக்கொள்வான். எதுவும் குலைந்ததாக வீட்டில் யாருக்கும் தோன்றாது. குடும்பத்தின் தாங்குதலே நோயை மறைத்துவிடுகிறது.

கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதில்தானே இந்தக் குழப்பம், இயந்திரத்துக்கு என்ன பாரபட்சம் என்று கேட்கலாம். எம்.ஆர்.ஐ. இயந்திரம் வலுவான காந்தப்புலத்தில் உடல் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களை ஒழுங்குபடுத்தி, ரேடியோ அலையால் அசைத்து, அவை திருப்பித் தரும் சமிக்ஞையைப் படமாக்குகிறது. படத்தில் பொய் இல்லை. அதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல். நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி, நோயில்லாத முதியவர்களிடமே ஆண்டுக்கு ஒன்றிரண்டு விழுக்காடு சுருங்குகிறது. அதற்குமேல் சுருங்கினால்தான் கவலை. ஆனால் எந்த அளவிலிருந்து சுருங்கியது? உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் கையாளும் மாதிரி மூளை, மான்ட்ரியாலில் மேற்கத்தியர்களின் படங்களைச் சேர்த்து உருவானது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் ஜெயந்தி சிவசுவாமியின் குழு 100 இந்தியர்களின் படங்களைக் கொண்டு 2019-இல் ஒரு மூளை வரைபடத்தை வெளியிட்டது. இந்தியர் மூளை மேற்கத்தியர் மூளையைவிடச் சராசரியாக அளவில் சிறியது என்று அது காட்டியது. (இதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம், அளவுக்கும் அறிவுக்கும் அவர்கள் முடிச்சுப் போடவில்லை.) அந்த 100 பேரும் இளம் வயதினர். அரை வயிற்றுக் கஞ்சியில் வளர்ந்த ஒரு தலைமுறையின் மூளை பிறகு சுருங்கியதா, முதலிலிருந்தே சிறிதா என்பதை ஒரே ஒரு படம் சொல்லாது. சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள்தான் சொல்லும்.

படமும் மறதியும் ஒன்றையொன்று அப்படியே பின்பற்றுவதும் இல்லை. அல்சைமர் வகை மறதிநோயின் அடையாளமான அமிலாய்டு படிவுகள் மூளையில் இருந்தும் நினைவு குன்றாத முதியவர்கள் பலர் உண்டு. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடியின் குழு மறதிநோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து, ஒரே மொழி பேசுபவர்களைவிட ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தலைகாட்டியதாக 2013-இல் சொன்னது. எழுத்தறியாதவர்களிடமும் இதே வித்தியாசம் தெரிந்தது. வாழ்க்கை மூளைக்குக் கொடுத்த பயிற்சி, படத்தில் தெரியும் சேதத்தை ஓரளவு ஈடுகட்டுகிறது.

அப்படியானால் மூளைப் படம் நமக்குக் கற்றுத் தந்தது என்ன? என் பார்வையில் அதன் பெரிய கொடை, மறதியில் ரத்தக்குழாய்களின் பங்கைக் கண்ணால் காட்டியதுதான். கல்லணையில் தண்ணீர் நிறையப் போனாலும், இடையில் வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடை வயல் காயும். மூளையின் ஆழத்திலுள்ள வெண்பொருள் பகுதி அப்படிப்பட்ட கடைமடை. மயிரிழை போன்ற நுனிக்கிளைகள்தான் அங்கே ரத்தம் கொண்டுபோகின்றன. கட்டுப்படாத பிரஷரும் சுகரும் ஆண்டுக்கணக்கில் அந்தக் கிளைகளைத் தடிக்கச் செய்து அடைக்கின்றன. அதனால் சேதமான இடங்கள் எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிகின்றன. நடை தளர்வதும், யோசனை மந்தமாவதும், மறதியும் அந்தத் திட்டுகளோடு சேர்ந்து வருகின்றன.

அமெரிக்காவில் நடந்த ஸ்பிரின்ட் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. மேல் ரத்த அழுத்தத்தை 140-க்குக் கீழே வைத்தவர்களோடு 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களை ஒப்பிட்டார்கள். 2019-இல் வந்த முடிவின்படி, கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் லேசான நினைவுத் தடுமாற்றம் 19 விழுக்காடு குறைவு. சுமார் நான்கு ஆண்டில் வெள்ளைத் திட்டுகள் கடுமையாகக் கட்டுப்படுத்திய பிரிவில் 0.92 கன சென்டிமீட்டரும், மற்றதில் 1.45-உம் கூடின. விசித்திரம் என்னவென்றால், நினைவு நன்றாக இருந்த அந்த முதல் பிரிவில்தான் மூளையின் மொத்தக் கனஅளவு சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. “மூளை சுருங்கியிருக்கிறது” என்ற ஒற்றை வரி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மருத்துவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள், நியாயமானது. ஸ்கேனைத் தள்ளிப்போட்டால், குணப்படுத்தக்கூடியவை தப்பிவிடாதா? தலையில் அடிபட்டபின் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம், கட்டி, மூளை அறைகளில் நீர் தேக்கம் ஆகியவையும் மறதியாகவே வெளிப்படும். உண்மை. சில வாரங்களுக்குள் திடீரென்று மாறியவர், விழுந்து அடிபட்டவர், நடை தடுமாறிச் சிறுநீர் கட்டுப்படாமல் போனவர் ஆகியோருக்கு ஸ்கேன் உடனே வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் மையங்கள் நடத்துவது இதற்குத்தான். நான் மறுப்பது, அறிகுறி எதுவும் இல்லாதவர்களிடம் ‘முழு உடல் பரிசோதனை’ என்று கூவி விற்கப்படும் மூளைப் படத்தை. பி12 குறைபாடு, தைராய்டு, காது கேளாமை, மனச்சோர்வு ஆகியவையும் மறதிபோலத் தோன்றும். அவற்றைக் கண்டறிய ஸ்கேன் உதவாது. புது மருந்துகள் வந்துவிட்டனவே என்பார்கள். 2023-இல் அமெரிக்கா அனுமதித்த லெகானமாப், நோயின் தொடக்கக் கட்டத்தில் சரிவைச் சற்று மெதுவாக்குகிறது. அமிலாய்டு இருப்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப் ஏற்ற வேண்டும். மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மன்னார்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்துக்கு இதை இப்போதைக்கு மருத்துவம் என்று சொல்வது கொடுமை.

இன்னொரு ஆட்சேபம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஆராய்ச்சிக்கு மட்டும் ஏன் ஸ்கேன்? ஸ்பிரின்ட் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டிலோ பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு. அமெரிக்க முடிவை அப்படியே இங்கே நடவு செய்ய முடியாது. நம் வயலில் விளைந்த விடைதான் வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் அதைத்தான் செய்கிறது. விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் தலைமையில் 2018-இல் தொடங்கிய அந்த ஆய்வு, 45 வயதைக் கடந்த 10,000 கிராமத்தினரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் இலக்கு கொண்டது. ரத்தம், மரபணு, நினைவுச் சோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் அதில் உண்டு. ஆனால் கோலார், மாந்தோப்பும் கேழ்வரகும் உள்ள மேட்டுநிலம். டெல்டா மூன்று வேளையும் அரிசிச் சோறு உண்ணும் நஞ்சை. 1960-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வானதிலிருந்து உரமும் பூச்சிமருந்தும் புழங்கிய மண். கோலாரில் கிடைக்கும் விடை இங்கே பொருந்துமா என்று இங்கே பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப் பார்க்க அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிறார்கள், சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள். மூளையைக் காக்கும் திட்டம் என்ற பெயர் இல்லாமலே அந்த வேலையைச் செய்யும் திட்டம் அது. அதோடு தமிழில், எழுதப்படிக்கத் தெரியாதவரும் பதில் சொல்லக்கூடிய நினைவுக் கேள்விகள் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியை மையமாக வைத்து, சம்மதிப்பவர்களை மட்டும் சில ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ.க்கு அழைக்க வேண்டும். வரும் நாளுக்குரிய கூலியையும் பஸ் செலவையும் ஆய்வே கொடுக்க வேண்டும். படத்தில் ஏதாவது தெரிந்தால் சிகிச்சைக்கும் அதுவே பொறுப்பேற்க வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறையும் ஐ.சி.எம்.ஆர். நிறுவனமும் இதற்கு முடிவெடுக்க வேண்டும். இந்த ஆண்டே தொடங்கினாலும், இன்று ஐம்பதில் இருப்பவர்கள் அறுபதைத் தொடும்போதுதான் பத்தாண்டு மாற்றத்தின் முதல் கணக்கு கைக்கு வரும்.