சிமென்ட் பூசினால் பழைய சர்ச் பிழைக்குமா? தரங்கம்பாடி சொல்லும் பாடம்

மயிலாடுதுறையில் பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் தரங்கம்பாடி. வழியெல்லாம் வயல். கடைசியில் ஒரு பழைய நகர வாசல். அதைத் தாண்டினால் இரண்டு தேவாலயங்கள், அவற்றை ஒட்டிய கல்லறைகள், டேனிஷ் கோட்டை, கடல். ரீல்ஸ் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் நேராகக் கோட்டைக்குத்தான் போகிறார்கள். கல்லறைகளுக்குத்தான் ஆள் தேவை.

டேனிஷ்காரர்கள் இங்கே எப்படி?

1620-ல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதருடன் ஒப்பந்தம் போட்டு டென்மார்க் வணிகர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1701-ல் அவர்களுக்காக சீயோன் ஆலயம் வந்தது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்க், தமிழ்ச் சபைக்காக 1707-ல் எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். அந்தக் கட்டடம் கடலோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக 1718-ல் எழுந்ததுதான் இன்றைக்கும் நிற்கும் புதிய எருசலேம் ஆலயம். 1719-ல் இறந்த சீகன்பால்க்கின் கல்லறை இதற்குள்ளேயே இருக்கிறது. 1845-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

அந்நியர்களின் கல்லறையை நாம் ஏன் காக்கணும்?

நியாயமான கேள்விதான். ஆனா, இது அவர்களின் கதை மட்டுமில்லை. தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இந்த ஊரில்தான். 1733-ல் ஆரோன் என்ற தமிழர் லுத்தரன் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டதும் இங்கேதான். கல்லில் இருக்கும் பெயரும் தேதியும் சில சமயம் அந்த மனிதரைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே பதிவு. எழுத்து அழிந்தால் ஆளும் அழிந்த மாதிரிதான்.

தன்னார்வலர்கள் என்ன செய்தார்கள்?

2001-ல் டென்மார்க்கில் இருந்து வந்த தன்னார்வலர்கள், தமிழக தொல்லியல் துறையோடு சேர்ந்து கோட்டையைச் சீரமைக்கும் வேலையில் இறங்கினார்கள். தரங்கம்பாடி சங்கம் என்ற டேனிஷ் அமைப்பு அந்த வேலையைத் தொடர்ந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஊரே அடிபட்ட பிறகு, பழைய கட்டடங்களைக் காப்பதும் ஊரை மீட்பதும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டன.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. 1976-ல் பிரிட்டனில் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான சங்கம் தன்னார்வலர்களால் நடப்பது. உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் திரட்டிய பணத்தை உள்ளூர்க் குழுக்களுக்குக் கொடுக்கிறது. கல்வெட்டு வாசகங்களையும் தொகுக்கிறது.

நாலு பேர் சேர்ந்து சுத்தம் செய்தால் போதாதா?

இங்கேதான் நல்ல மனசே சேதம் செய்துவிடுகிறது.

*செடி:* பறவை எச்சத்தில் விழுந்த அரச விதை, சுவர் வெடிப்பில் முளைக்கும். அதைப் பிடித்து இழுத்தால் வேரோடு செங்கல்லும் வரும். தண்டை வெட்டி, வேரைக் காயவைத்து, பிறகுதான் வெடிப்பை அடைக்கணும்.

*கல்:* ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் மூன்றும் கூடவே கூடாது. பாசியோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

*பூச்சு:* இதுதான் பெரிய தப்பு. பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. தரையில் இருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு மெதுவாக வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். கடலோர ஈரத்தில் உப்பு இருக்கும். உள்ளே சிக்கிய உப்பு படிகமாகி, செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். வெளியே பளபள, உள்ளே மாவு. அதனால்தான் சீரமைப்பாளர்கள் சுண்ணாம்புக் காரையையே தேடிப் போகிறார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைப்பது நம் கொத்தனார்களின் பழைய கைப்பழக்கம். அது தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

யாரைக் கேட்டு வேலையைத் தொடங்கணும்?

முதலில் இடம் யாருடையது என்று பார்க்கணும்: திருச்சபையா, அரசா? மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால், சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். சின்னத்தின் மேல் அனுமதியில்லாமல் கை வைத்தால் அது சேவையில்லை, குற்றம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இடம் இருக்கலாம். ஃபோனை எடுங்கள். காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கல்லைப் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். சாக்பீஸ் தடவ வேண்டாம். இருக்கும் இடத்தோடு சேர்த்து, படத்தைச் சபை நிர்வாகத்திடம் கொடுங்கள். கல் உடைந்தாலும் பதிவு நிற்கும்.

அடுத்தது பராமரிப்பு. ஒருநாள் கூடிச் சுத்தம் செய்து, குரூப் போட்டோ எடுப்பது சுலபம். ஆனா, ஐப்பசி மழை முடிந்தால் செடி திரும்ப முளைக்கும். டெல்டாவில் அதற்குத் தப்பிய சுவர் கிடையாது. ஒவ்வொரு தை மாதமும் திரும்ப வந்து நிற்கிற பத்துப் பேர் இருக்கும் கல்லறைத் தோட்டம்தான் பிழைக்கும்.